கேட்க வந்தவர்கள்

2003 ஜூலை 14, திங்கட்கிழமை காலை ஐந்து இருபத்தைந்துக்கு, ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டுரோட்டில், மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கச் சாலையைக் கடந்த பார்த்திபன், வயது இருபத்துநான்கு, ஜல்லி லாரியில் அடிபட்டு அந்த இடத்திலேயே இறந்தான். அப்போது பக்கத்தில், அதே பஸ்ஸுக்காக நின்றிருந்தவள் ஆராயி.

ஆராயியோடு ஒரே கம்பெனியில் வேலைபார்த்த வேண்டா அன்று ஊரில் இல்லை. கோவளத்தில் கட்டிக்கொடுத்திருந்த தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்தது. சனிக்கிழமை ஷிப்டு முடிந்து போனவள், திங்கட்கிழமைக்கு லீவு சொல்லியிருந்தாள். அன்று மதியம் இரண்டு பஸ் மாறி, ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டோடு கூட்டுரோட்டில் இறங்கியபோது, தார்மேல் ஓரிடத்தில் மட்டும் மணல் கொட்டிக் கிடந்தது. டீக்கடைக்காரர்தான் சொன்னார். வேண்டா வீட்டுக்குப் போகவில்லை. கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே ஆராயி வீட்டுக்கு நடந்தாள்.

நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அவளுக்கு வேண்டா என்று பெயர் வைத்தார்கள். யாராவது புதிதாகப் பெயரைக் கேட்டுச் சிரித்தால், "எங்கப்பன் வேணாம்னு வெச்சான். இப்ப நாந்தான் அவனுக்குக் கஞ்சி ஊத்தறேன்" என்பாள். முப்பத்தெட்டு வயது. கம்பெனி பஸ்ஸில் அவள் வாய்க்கு எல்லோரும் அடங்குவார்கள், டிரைவர் மோசஸைத் தவிர. மோசஸ் ஒரு நிமிஷம்கூட யாருக்காகவும் நிற்கமாட்டார். ஐந்து இருபத்தைந்து என்றால் ஐந்து இருபத்தைந்து.

கம்பெனியில் அவர்கள் செய்தது கார்களுக்கான ஒயர் கட்டு. கட்டில் அளவுக்கு ஒரு பலகை. அதில் ஆணி அடித்தமாதிரி முளைகள். முளைக்கு முளை வண்ண ஒயர்களை இழுத்துப் போட்டுக்கொண்டே வர வேண்டும். எதிரில் நிற்பவள் கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். ஒயர் போடுவது வேண்டா, டேப் சுற்றுவது ஆராயி. ஐந்து வருஷமாக ஒரே பலகை. பேசிக்கொண்டே செய்வார்கள், சண்டை போட்டுக்கொண்டும் செய்வார்கள், கை மட்டும் நிற்காது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மற்ற பலகைக்காரர்களை இங்கே அழைத்துவந்து காட்டுவார்.

திங்கட்கிழமை மதியம் ஆராயி வீட்டில் நிற்க இடமில்லை. ஒற்றை அறை, முன்னால் தகரம் போட்ட சார்ப்பு. சார்ப்பில் துரையின் மொபெட்டுக்குப் பக்கத்தில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். துரை ஆராயியின் புருஷன். சொந்தமாக அரை ஏக்கர், மற்ற நாளில் டிராக்டர் ஓட்டம். அவன் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். உள்ளே ஆராயி சுவரில் சாய்ந்திருந்தாள். புடவை மாற்றியிருந்தாள். தலை ஈரமாக இருந்தது.

வேண்டா அவள் எதிரில் உட்கார்ந்து, எல்லோரும் கேட்டதைத்தான் கேட்டாள்.

"எப்பிடிடீ ஆச்சி?"

அந்தப் பக்கத்து ஊர்களில் துக்கத்துக்குப் போனால் கேட்க வேண்டும். கேட்காமல் எழுந்து வருவது மரியாதைக்குறைவு. 'வந்தா, உக்காந்தா, ஒரு வார்த்த கேக்காம பூட்டா' என்ற பேச்சு பத்து வருஷத்துக்கு நிற்கும். வீட்டில் மூத்தவர் யாராவது எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்வார், கேட்டவர்கள் அழுவார்கள், அடுத்த கூட்டம் வரும், மறுபடி முதலிலிருந்து சொல்வார். சொல்லிச் சொல்லியே அந்த வீட்டுக்குத் துக்கம் கொஞ்சம் இறங்கும்.

பார்த்திபன் வீட்டில் சொல்வதற்கு ஆள் இல்லை. அவன் தாய் முனியம்மா அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவள். அப்பா இல்லை. எனவே ஊர் அங்கே போய் அழுதுவிட்டு, நாலு தெரு தள்ளியிருந்த ஆராயி வீட்டுக்கு வந்து கேட்டது.

ஆராயி வேண்டாவுக்கும் சொன்னாள். பஸ் வருகிற வெளிச்சம் தெரிந்தது. சாலையை அகலப்படுத்தத் தோண்டிப் போட்டிருந்த மண்மேட்டின்மேல் நின்றிருந்தோம். அவன் இறங்கினான். லாரி ஹாரன் அடிக்கவில்லை. அவ்வளவுதான். தண்ணீர் குடிக்கிறாயா என்று வேண்டா கேட்டாள். ஆராயி தலையாட்டினாள், குடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பார்த்திபனை எடுத்தார்கள். மாலை பஸ்ஸில் வந்த பெண்கள் பதினோரு பேரும் கூட்டுரோட்டிலேயே இறங்கி நேரே ஆராயி வீட்டுக்கு வந்தார்கள். சிங்கப்பெருமாள்கோயிலில் முன்பே இறங்க வேண்டியவர்கள்கூட அவளுக்காகப் படாளம்வரை வந்திருந்தார்கள். ஒருத்தி சாத்துக்குடி, ஒருத்தி ஹார்லிக்ஸ், ஒருத்தி பன்னும் வெண்ணெய் பிஸ்கட்டும். ஒவ்வொருத்தியும் ஆராயி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவர்கள் போனதும் களையெடுப்பு முடித்த பெண்கள் வந்தார்கள். சொர்ணவாரிப் பருவ நெல்லுக்குக் களை எடுக்கிற நேரம் அது. முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. வேலியோரம் நின்றபடியே அவர்களும் கேட்டார்கள்.

வேண்டா நாலாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தாள். ஆராயி ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னாள். ரேடியோவில் நேரம் சொல்கிற குரல். 'லாரி ஹாரன் அடிக்கல' என்கிற இடத்தில் அவளது வலது கட்டைவிரல் இடது மணிக்கட்டில் ஒரே இடத்தில் போய் அழுத்தியது. அந்த இடம் நாவற்பழம்போலக் கன்றியிருந்தது. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் என்று வேண்டா மனதுக்குள் கணக்குப் போட்டாள். முப்பதுக்குக் குறையாது. அதில் முதல்நாள் கேட்ட தானும் ஒருத்தி.

வெளியே வந்து துரையிடம் சாப்பிட்டாளா என்று கேட்டாள்.

"ஒரு வாய் துன்னலக்கா. கண்ண மூடனா எழுந்து குந்திக்கறா. இன்னும் எத்தினி பேருக்கா வருவாங்க?"

"வராதீங்கன்னு சொல்லேன்."

"அன்பா வர்றவங்கள எப்பிடிக்கா போவச் சொல்றது? நாள பின்ன நம்ம வூட்டு நல்லது கெட்டதுக்கு யார் வருவா?"

அவன் சொன்னதும் சரிதான். வந்தவர்களில் கெட்ட எண்ணத்தோடு வந்தவள் ஒருத்தி இல்லை. கோவளத்திலிருந்து வேண்டாவின் தங்கை, தர்காவில் மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்றை மீன்காரியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். பச்சை உடம்புக்காரி, பார்த்தே இராத ஆராயிக்காக.

புதன்கிழமை மாலை பஸ் படாளத்துக்கு முன்னால் வளையும்போதே வேண்டா எழுந்து படிக்குப் போய்விட்டாள். நின்றும் நிற்காமலும் குதித்து, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, குறுக்கே வரப்புவழியாக நடந்தாள். மற்றவர்கள் தெருவுக்குள் வந்தபோது ஆராயி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைக் குறுக்கே போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பாதி பின்னிய ஒயர் கூடை.

"உள்ள படுத்துனு கீறா. இன்னா கேக்கணுமோ எங்கிட்ட கேளு."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். களையெடுக்கும் பெண்களில் ஒருத்தி சொன்னாள்:

"நீதான் அன்னிக்கி ஊர்லயே இல்லயேக்கா."

"நீ மட்டும் இருந்தியா? குந்து. சொல்றேன்."

கூடைப் பின்னலிலிருந்து கையை எடுக்காமல் வேண்டா முதலிலிருந்து சொன்னாள். மண்மேட்டைச் சொன்னாள், வெளிச்சத்தைச் சொன்னாள், ஹாரன் அடிக்காததைச் சொன்னாள். ஆராயி சொல்லாத இடங்களைத் தானே நிரப்பினாள். அழ வேண்டிய இடத்தில் அழுதாள். அழுகை வரவழைக்க அவள் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை, பார்த்திபன் அவளுக்கும் தம்பி மாதிரிதான். வந்தவர்களும் அழுது, மூக்கைச் சிந்தி, கொண்டுவந்ததை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கேட்டாயிற்று என்ற நிறைவு அவர்களுக்கு இருந்தது. அன்றைக்கு மட்டும் ஏழு கூட்டம். பொழுது சாய்ந்தபோது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அதன்பிறகுதான் உள்ளே போனாள். நடந்ததைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக் கேழ்வரகு மாவைக் கொட்டிக் களி கிண்டினாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த முதுகிடம், பலகையில் புதிதாகப் போட்டிருக்கிற பெண்ணைப் பற்றிச் சொன்னாள்.

"டேப் சுத்த சொன்னா புண்ணுக்குக் கட்டுப் போடறாடீ. பதமா, வலிக்குமேன்னு. நேத்து பதினாலு கட்டு ரிஜெக்ட். சூப்பர்வைசர் என்ன மொறைக்கறான். நான் இன்னா பண்ணுவேன், அந்தப் பொண்ணு பாவம், புதுசு."

வேண்டா களியை உருட்டி வைத்து, பக்கத்தில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றி மூடிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை இடைவேளையில் கம்பெனி ஆபீஸுக்குப் போனாள். பர்சனல் ஆபீசர் ஹரிகிருஷ்ணன் கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறவர், மனைவிக்கு அங்கே அணுமின் நிலையத்தில் வேலை. குரல் உயர்த்திப் பேசாத மனிதர். ஆராயியின் பைலை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். மே மாதம் அவள் மகளுக்கு மஞ்சள்காமாலை வந்தபோதே லீவு முழுவதும் தீர்ந்துவிட்டது. அப்போதே ஒரு மெமோ போயிருக்கிறது. தொடர்ந்து எட்டு நாளுக்குமேல் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவது விதி. திங்கட்கிழமையோடு எட்டு நாள் ஆகிறது.

"அடிபட்டிருந்தா?"

"அடிபட்டதுக்கு டாக்டர் சர்டிபிகேட் இருந்தா லீவு உண்டும்மா."

"பாத்ததுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு லீவு பாரத்துல இடமே இல்ல. செவ்வாய்க்கிழம காலையில பஞ்ச் பண்ணிட்டாங்கன்னா, மிச்சத்த நான் பாத்துக்கறேன். வந்து நின்னா போதும். வேலகூட அன்னிக்கி செய்ய வேணாம்."

துரையிடம் சொன்னபோது அவன் வேலையே வேண்டாம் என்றான். அவனுக்குத் தெரிந்த அன்பு அது. வேண்டா அவனை வேலியோரம் தள்ளிக்கொண்டு போனாள்.

"இப்ப அந்த ரோட்டத் தாண்டலன்னா எப்பவுமே தாண்டமாட்டா தம்பி. கம்பெனி அந்தாண்ட கீது, ஆஸ்பத்திரி அந்தாண்ட கீது, புள்ள பள்ளிக்கூடம் அந்தாண்ட கீது. நீ தூக்கினே திரிவியா?"

துரை தலையைச் சொறிந்தான். பிறகு கேட்டான், "வரமாட்டேன்னா?"

"தெரியலப்பா" என்றாள் வேண்டா. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆராயி ரெண்டு வாய் களி தின்றாள். சனிக்கிழமை எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வேண்டா வெளியே சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் தன் கதையை வேறொருத்தி சொல்வது உள்ளே தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். கட்டைவிரல் மணிக்கட்டுக்குப் போகவில்லை. கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள். கூடை கழுத்துவரை வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை, வெயில் இறங்குகிற நேரத்தில் முனியம்மா வந்தாள்.

காரியம் முடியாமல் துக்க வீட்டுக்காரர்கள் இன்னொரு வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அவள் வேலிக்கு வெளியே, தெருவிலேயே, முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தனியாகத்தான் வந்திருந்தாள். தலைமுடி அள்ளி முடியாமல் இருந்தது. வேண்டா நாற்காலியை விட்டு எழுந்தாள். கூடை கீழே உருண்டது.

"வேண்டா, எல்லாருக்கும் நீதான் சொல்றியாமே. எனக்கு யாருமே சொல்லலமே. எங்கிட்ட வந்து அழுவுறாங்க, பூடறாங்க. எம்புள்ள எப்பிடிப் போனான்?"

வேண்டா கூடையை எடுக்காமல், நாலு நாளாகச் சொன்னதையே ஆரம்பித்தாள். மண்மேட்டின்மேல் நின்றிருந்தார்கள். பஸ் வருகிற வெளிச்சம் தெரிந்தது. பஸ் போய்விடப் போகிறதென்று, அவன் பாட்டுக்கு, திடீரென்று இறங்கி ஓடினான்.

"அவம் பாட்டுக்கு ஓடல."

குரல் உள்ளேயிருந்து வந்தது. ஒரு வாரமாக யாரும் கேட்காத குரல், அந்த ரேடியோக் குரல் இல்லை. வேண்டா திரும்பிப் பார்த்தாள். ஆராயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பிறகு சார்ப்பைக் கடந்து, வேலிவரைக்கும் வந்தாள். இரு பெண்களுக்கும் நடுவில் படல் மட்டும்.

"நாந்தான் சொன்னேன் பெரிமா. செருப்பு வாரு அறுந்துட்ச்சி. குனிஞ்சி பாத்துனு இருந்தேன். மோசஸ் அண்ணன் நிக்கமாட்டாரே. நீ போயி பஸ்ஸ நிறுத்துடா, வரேன்னு சொன்னேன். அதான் போனான். எஞ் சாப்பாட்டுக் கூடையயும் வாங்கினு போனான். யார்கிட்டயும் சொல்லல. எத்தினியோ பேர் கேட்டாங்க. அத மட்டும் சொல்லல."

தெருவில் ஒரு கோழி குஞ்சுகளோடு போனது. துரை கொல்லைப்பக்கத்திலிருந்து வந்து பாதியில் நின்றுவிட்டான். வேண்டாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. உன் தப்பில்லை என்று சொல்லலாம், விதி என்று சொல்லலாம். இது அவள் பேச வேண்டிய இடம் இல்லை.

முனியம்மா ஆராயியின் கால்களைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"நீ சொன்னதுக்கு அவன் இன்னா சொன்னான்?"

"'நீ மெதுவா வாக்கா. மோசஸ் அண்ணன நான் புட்சி வெக்கறேன்'னான்."

"கோவமாவா சொன்னான்?"

"இல்ல பெரிமா. சிரிச்சிகினே சொன்னான். கூடையத் தூக்கிப் பாத்து, 'இன்னாக்கா, கருங்கல்லா'ன்னான்."

முனியம்மா மரத்தடியிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம ராத்திரி எங்கிட்ட சண்டமே. வண்டி வாங்கித் தான்னு கேட்டான். வாயில வந்ததப் பேசிட்டேன். சோறு துன்னாம படுத்தான். காலீல நான் தூங்கறன்னு எழுப்பாம பூட்டான். கோவத்தோட பூட்டான்னே ஏழு நாளா நெனச்சினு கீறேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சிரிச்சானா?"

"சிரிச்சான்."

"இன்னொரு வாட்டி சொல்லு."

ஆராயி இன்னொரு முறை சொன்னாள். செருப்பு வாரிலிருந்து கருங்கல்வரை. சொல்லும்போது அவளும் உட்கார்ந்துவிட்டாள், படலுக்கு இந்தப் பக்கம். கம்புகளுக்கு நடுவே முனியம்மா கையை விட்டு அவள் முழங்கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் சத்தம் போட்டு அழுதார்கள். ஆராயி அழுவதை வேண்டா அந்த ஏழு நாளில் அப்போதுதான் பார்த்தாள். துரை ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றான்.

எழுந்து போகும்போது முனியம்மா சொன்னாள்: "ஓடுன்னா ஓடறவந்தான். எனக்கும் அப்பிடித்தான் ஓடுவான். நான் இன்னா, உன்ன மட்டும் சொல்றது?" நாலடி போய்த் திரும்பி வேண்டாவைப் பார்த்தாள். "நீ சொல்றதுல அது இல்லமே. இனிமேட்டு கேட்டா சேத்து சொல்லு."

வேண்டா சரியென்று தலையாட்டினாள்.

திங்கட்கிழமை மாலை இடியோடு மழை பெய்ததால் கேட்க யாரும் வரவில்லை. வேண்டா தகரச் சார்ப்பின் இரைச்சலுக்குள் உட்கார்ந்து கூடைக்குப் பிடி போட முயன்றாள், ஒயர் போதவில்லை. ஆராயி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். உப்பு அதிகம். துரை இரண்டு முறை தண்ணீர் குடித்தான். கம்பெனி விஷயத்தை வேண்டா ஒரே தடவைதான் சொன்னாள்.

"நாளைக்கி அஞ்சி மணிக்கி வருவேன். வந்தா ஒண்ணா போவோம். வரலன்னா நானும் போவல, டீக்கடைல டீ குடிச்சிட்டு வந்துடலாம்."

"ஒனக்கு லீவு போயிடுமேக்கா."

"என் லீவு. நான் சுட்டும் துன்னுவேன்."

ஆராயி சிரித்தாளா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. மூக்கால் ஒரு சத்தம் வந்தது.

ஜூலை 22, செவ்வாய்க்கிழமை. ஐந்து பதினைந்துக்கு இருவரும் கூட்டுரோட்டுக்கு வந்தார்கள். மணல் மழையில் அடித்துப்போய்ச் சாலையோரம் ஒதுங்கியிருந்தது. பிடியில்லாத கூடையை வேண்டா வீட்டிலேயே விட்டிருந்தாள். ஆராயி கையில் ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பை, அதில் சாப்பாடு. மண்மேட்டின்மேல் ஏறி நின்றதும் அவள் கால் நின்றுவிட்டது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தென்பக்கத்து அரசுப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வேண்டா அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அதே மேட்டில், அவள் தோள் உரசுகிற தூரத்தில், எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐந்து இருபத்தைந்துக்குக் கம்பெனி பஸ் அந்தப் பக்கம் வந்து நின்றது. ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. யாரும் கூப்பிடவில்லை, கையசைக்கவில்லை. மோசஸ் இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்தார். அவர் எஞ்சினை அணைத்து வழியில் யாரும் பார்த்ததில்லை.

ஐந்து இருபத்தெட்டு ஆனது. முப்பது ஆனது.

ஆராயி குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றினாள். கையில் எடுத்துக்கொண்டாள். வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள், மறுபடி வலப்பக்கம் பார்த்தாள். வெறுங்காலோடு தாரில் இறங்கி நடந்தாள், ஓடவில்லை. வேண்டாவும் அவளுக்குச் சமமாக நடந்தாள்.

அன்று பஸ் ஏழு நிமிஷம் தாமதமாகக் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தது. டைம் ஆபீஸ் நோட்டில் தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் மோசஸ் 'படாளம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.